திறந்ததும் மூடிக்கொள்ளும் ஃபயர்ஃபாக்ஸ்

சித்தப்பா தன் பழைய மடிக்கணினியில் ஃபயர்ஃபாக்ஸ் என்ற இணைய உலாவியை நான்கு முறை அழித்து நிறுவியிருந்தார். நான்கு முறையும் ஜன்னல் எட்டிப்பார்த்துவிட்டு மறைந்தது. அழித்து நிறுவுவதால் பெரும்பாலும் பயனில்லை. உங்கள் புக்மார்க், கடவுச்சொல், நீட்சிகள் (உலாவியில் நாம் சேர்க்கும் சிறு நிரல்கள்) எல்லாம் ‘ப்ரொஃபைல்’ என்ற தனிக் கோப்புறையில் இருக்கின்றன. நிரலை அழித்தாலும் அது அப்படியே கிடக்கும். பழுது அதில் இருந்தால் புது நிரலையும் பிடித்துக்கொள்ளும்.

முதலில் ஷிப்ட் விசையை அழுத்தியபடியே ஃபயர்ஃபாக்ஸைத் திறங்கள். ‘ட்ரபிள்ஷூட் மோட்’ வேண்டுமா என்று கேட்கும். அதில் நீட்சிகளும், திரையில் வரையும் வேலையைக் கிராபிக்ஸ் சிப்பிடம் ஒப்படைக்கும் ஹார்டுவேர் ஆக்சிலரேஷனும் ஓய்வெடுக்கும். அங்கே நிலையாக நின்றால் பாதி விடை கிடைத்துவிட்டது. நீட்சிகளை நிறுத்திவிட்டு வழக்கம்போல் திறந்து பாருங்கள். அப்போதும் விழுந்தால் மறுபடி இதே மோடுக்குள் வந்து, செட்டிங்ஸில் பெர்ஃபாமன்ஸ் பகுதியில், பரிந்துரைக்கப்பட்ட அமைப்புகளுக்கான டிக்கை முதலில் எடுத்துவிட்டு, அதன் கீழே தெரியும் ஹார்டுவேர் ஆக்சிலரேஷன் டிக்கையும் எடுங்கள். சித்தப்பாவுக்கு இதுதான் கைகொடுத்தது. கிராபிக்ஸ் சிப்பை இயக்கும் மென்பொருளான கிராபிக்ஸ் டிரைவர் பல வருடமாகப் புதுப்பிக்கப்படவே இல்லை. புதுப்பித்த பிறகு டிக்கைத் திரும்பப் போட்டோம்.

அந்த மோடிலும் விழுகிறதா? வின்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி, ‘ஃபயர்ஃபாக்ஸ்’ என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு, கழித்தல் குறியும் பெரிய ‘பி’யும் சேருங்கள். ப்ரொஃபைல் பட்டியல் வரும். புதிதாக ஒன்று உருவாக்கித் திறங்கள். பழையதை நீக்கிவிடாதீர்கள், உங்கள் கடவுச்சொற்கள் அதில்தான் இருக்கின்றன. புதியதும் விழுந்தால் வைரஸ் தடுப்பு மென்பொருளைப் புதுப்பித்துப் பாருங்கள்.