அசைலம் நேர்காணலில் ‘குடும்பப் பிரச்சினை’ என்று மட்டும் சொல்லாதீர்கள்

லண்டனில் அசைலம், அதாவது அகதித் தஞ்சம், கேட்கும் தமிழ்ப் பெண்களுக்கு மொழிபெயர்க்கத் தொடங்கிப் பதினோரு வருடமாகிறது. புதிதாக இந்த வேலைக்கு வரும் தங்கச்சிகள் நான் அன்று செய்த அதே பிழைகளைச் செய்வதைப் பார்க்கிறேன். நேரத்துக்குப் போவது, நகல் எடுத்து வைப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும். அவர்களுக்கும் நேர்காணலுக்குப் போகும் பெண்களுக்கும் சேர்த்து மற்றதைச் சொல்கிறேன்.

‘விட மாட்டார்’

வேறு சாதிப் பையனைக் காதலித்ததற்காக வீட்டைவிட்டு ஓடிவந்த பெண் அவள். முதல் நேர்காணலில், ஏன் திரும்பிப் போக முடியாது என்று கேட்டார்கள். கைக்குட்டையை விரலில் சுற்றிக்கொண்டே, “குடும்பப் பிரச்சினை அக்கா. அண்ணா என்னை விட மாட்டார்” என்றாள்.

நான் ‘ஃபேமிலி ப்ராப்ளம்ஸ்’ என்றேன். அடுத்ததை ‘அண்ணன் அனுமதிக்க மாட்டார்’ என்று பொருள்படும்படி மாற்றிவிட்டேன். ‘விட மாட்டார்’ என்றால் உயிரோடு விட மாட்டார் என்று நம் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அதிகாரியிடம் அனுமதி கேட்டு, “என்ன செய்வார் என்று சொல்கிறாய்?” என்று ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

பிறகு எல்லாவற்றையும் விரிவாகக் கேட்கும் பெரிய நேர்காணலில் அண்ணன் கத்தியோடு வாசலில் நின்றதைச் சொன்னாள். மறுப்புக் கடிதத்தில் ‘முரண்பாடு’ என்று வந்தது: முதலில் அனுமதி, இப்போது கொலையா? அப்பீலில் அதைச் சரிசெய்ய ஒன்றரை வருடம் போனது. அத்தனை மாதமும் அவள் தூங்கவில்லை. இன்றைக்கு யாராவது ‘குடும்பப் பிரச்சினை’, ‘விட மாட்டார்’ இரண்டையும் என்னைப் போலவே மாற்றித் தந்தால் எனக்குக் கோபம் வருகிறது.

‘குடும்பப் பிரச்சினை’ என்ற சொல் ஏன் இவ்வளவு கெடுதல் செய்கிறது? 1951 அகதிகள் உடன்படிக்கை இனம், மதம், தேசியம், அரசியல் கருத்து, குறிப்பிட்ட சமூகக் குழு என்று ஐந்து காரணங்களைத்தான் ஏற்கிறது. குடும்பத்துக்குப் பயந்து வரும் பெண்கள் பெரும்பாலும் ஐந்தாவதன் வழியாகத்தான் உள்ளே வர முடியும். நடத்தை கெட்டவர்கள் என்று பழிசுமத்தப்பட்ட இரண்டு பாகிஸ்தான் பெண்களின் வழக்கில், 1999 மார்ச் 25 அன்று, அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை அந்த வழியைத் திறந்தது. கடும் தீங்கும் வேண்டும், அரசு காக்கத் தவறியதும் வேண்டும் என்று நீதிபதிகளில் ஒருவரான ஹாஃப்மன் பிரபு அதில் விளக்கினார். ஆகவே யார் என்ன செய்வார்கள், போலீஸ் ஏன் காப்பாற்றாது என்ற இரண்டும் பதிவாக வேண்டும். ‘குடும்பப் பிரச்சினை’யில் இரண்டுமே இல்லை. (பிரான்ஸ், ஜெர்மனியில் இருப்பவர்கள் வழக்கறிஞரிடம் 2024 ஜனவரி 16 தீர்ப்பைக் கேளுங்கள். துருக்கியிலிருந்து பல்கேரியா வந்த குர்து பெண்ணின் வழக்கு அது. ஒரு நாட்டுப் பெண்கள் அனைவருமே சமூகக் குழுவாகலாம் என்றது ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம்.)

நேர்காணல் பிரதியை வாசிக்காமல் விடுவது

முடிவு வரும் முன்பே, வழக்கறிஞரோடு உட்கார்ந்து வரிவரியாக வாசியுங்கள். பிழையைத் திருத்தி எழுதி அனுப்ப அப்போதுதான் வாய்ப்பு. என் பிழையை அப்படி யாரும் பிடிக்கவில்லை.

‘வேறு ஊருக்குப் போயிருக்கலாமே?’

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். “எங்கே போனாலும் கண்டுபிடிப்பார்கள்” என்று பொதுவாகச் சொன்னால் போதாது. கோயம்புத்தூருக்கு ஓடிய ஒருத்தியை மூன்றாவது வாரமே மாமா தேடி வந்துவிட்டார். லேடீஸ் ஹாஸ்டலில் சேரும்போது அப்பா நம்பர் கேட்டார்கள், இவள் கொடுத்தாள், வார்டன் கூப்பிட்டுப் பேசிவிட்டார். அந்த ஹாஸ்டல், அந்த வாரம், அந்த போன் அழைப்பு மூன்றும் வாக்குமூலத்தில் இருந்தன.

ஆண் அதிகாரி முன் பாதியை விழுங்குவது

பெண் அதிகாரியும் பெண் மொழிபெயர்ப்பாளரும் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள்.

உறவுக்காரரை மொழிபெயர்க்க வைப்பது

வேண்டாம். நல்ல மனுசராக இருந்தாலும் வேண்டாம்.

மிரட்டல் வாய்ஸ் மெசேஜை அழிப்பது

கேட்கவே முடியவில்லை என்று அழித்துவிட்டு வருகிறார்கள். நீங்கள் திரும்பக் கேட்க வேண்டியதில்லை. போனை அப்படியே வழக்கறிஞரிடம் கொடுங்கள்.