சீர்திருத்த நிதி: புதியவர்கள் விடாமல் செய்யும் தவறுகள்

வாரக்கடைசியில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் சாப்பிடப் போனால், யாராவது ஒரு பிள்ளை புரோபோசலோடு வந்து உட்காரும். "அண்ணே, ஒரு தடவை பார்த்துக் கொடுங்க." மியன்மாரோ திமோர் லெஸ்தேயோ, ஏதோ ஒரு நாட்டின் சீர்திருத்தத்துக்கு வெளிநாட்டு நிதி கேட்கும் திட்டம். எங்கள் காலத்துத் தவறுகள் அப்படியே அதில் இருக்கும். கூட்டல் பிழை, தாமதமான அறிக்கை இதெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை, ஆடிட்டர் சொல்வார்.

சட்டம் வந்தால் சீர்திருத்தம் வந்தது என்று நினைப்பது

இன்றைக்கும் எரிச்சலூட்டுவது இதுதான். நிதி கொடுப்பவருக்குக் கணக்குக் காட்ட வேண்டும். புதுச் சட்டம், புது ஆணையம், பயிற்சி பெற்ற அதிகாரிகள், இவற்றை எண்ணிக் காட்டுவது சுலபம். அதனால் திட்டமே அந்தப் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

மியன்மாரைப் பாருங்கள். 2011இல் ராணுவ ஆட்சி விலகிப் பேரளவில் சிவில் அரசு வந்த பிறகு உதவி கொட்டியது. 2013இல் பழைய கடனில் ஏறக்குறைய 600 கோடி டாலர் தள்ளுபடியானது. மத்திய வங்கிக்குத் தன்னாட்சி தரும் சட்டமும் அதே வருடம் வந்தது. எல்லோரும் கைதட்டினோம்.

2008 அரசியலமைப்பு மட்டும் அசையவில்லை. நாடாளுமன்றத்தில் 25 சதவீத இருக்கை ராணுவத்துக்கு. முக்கியப் பிரிவுகளைத் திருத்த 75 சதவீதத்துக்கு மேல் வாக்கு வேண்டும். பாதுகாப்பு, உள்துறை, எல்லை விவகாரம் மூன்றுக்கும் அமைச்சர்களைத் தருவது ராணுவத் தளபதி. ஊர் ஊராக வரியும் நிலமும் பார்த்த பொது நிர்வாகத் துறை 2018 கடைசிவரை அந்த உள்துறைக்குக் கீழேதான் இருந்தது.

இங்கே புக்கிட் பிந்தாங் ஓட்டல் ஒன்றில் அந்தத் துறை அதிகாரிகளுக்கு நடந்த பயிற்சிக்குப் போயிருந்தேன். தலைப்பு வெளிப்படைத்தன்மை. ஊருக்குப் போனதும் முதலில் எதை மாற்றுவீர்கள் என்று பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அதிகாரியைக் கேட்டேன். மேலிடத்தைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். இறுதி அறிக்கையில் 'பங்கேற்பாளர் திருப்தி'க்கு முழுப் பக்கம். அந்த மேலிடத்துக்கு ஒரு வரிகூட இல்லை.

2021 பிப்ரவரி 1 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. மத்திய வங்கியின் துணை ஆளுநர் ஒருவர் கைதானார். 2022 ஏப்ரலில் அதே வங்கி, வரும் வெளிநாட்டு நாணயத்தை ஒரே வேலைநாளுக்குள் உள்நாட்டு நாணயமான கியாட்டாக மாற்ற உத்தரவிட்டது. தன்னாட்சியாவது ஒன்றாவது!

முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்: இந்த அலுவலகத்தின் தலைவரை நியமிப்பது யார், நீக்குவது யார், அதை மாற்ற எத்தனை வாக்கு வேண்டும். இது தெரியாமல் பயிற்சிக்குக் காசு கேட்காதீர்கள். ஓட்டல் செலவை மிச்சப்படுத்தினாலே உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றுக்கு உதவலாம்.

எதற்கெடுத்தாலும் போலந்து

வெளிநாட்டு நிதி ஜெயித்ததற்கு உதாரணம் என்று எல்லோரும் போலந்தைக் காட்டுகிறார்கள். 1990இல் அதன் நாணயமான ஸ்லோட்டியைத் தாங்க 100 கோடி டாலர் ஒதுக்கி வைத்தார்கள். அதைத் தொட வேண்டியே வரவில்லை. திட்டத்தைப் போலந்து அரசே முன்னின்று நடத்தியது; வெளிப்பணம் பின்னால் நின்றது. உங்கள் நாட்டில் முன்னால் நிற்பது யார்?

யங்கோனிலேயே சுற்றுவது

மியன்மாரின் அமைச்சுகள் தலைநகர் நேப்பிடாவில் இருக்கின்றன.

நிதியாண்டு முடிவதற்குள் செலவழிப்பது

வேண்டாம். மிஞ்சிய பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்.

பெயரும் படமும் போடுவது

பயிற்சிக்கு வந்தவர்களின் குழுப் படத்தை ஃபேஸ்புக்கில் ஏற்றாதீர்கள். நாளைக்கு ஆட்சி கவிழ்ந்தால், பிடிக்க வருகிறவர்களுக்கு நாமே ஆள் காட்டியது போலாகும். வருகைப் பதிவுத் தாள் ஆடிட்டருக்குக் கட்டாயம் வேண்டும் என்றால், சரி, அது இங்கே கோலாலம்பூர் அலுவலகப் பெட்டியில் பூட்டியிருக்கட்டும்.