பொன்னாடையைத் தணிக்கையில் காட்ட முடியாது: இசைத்துறை ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய அலுவலகத் தவறுகள்

மதுரைப் பக்கம் இசை கற்பிக்கும் ஆசிரியர்களிடம் சற்று நேரம் பேசிக்கொண்டிருந்தால், பாடத்தில் வந்த சிக்கலைவிடக் கோப்பில் வந்த சிக்கலைத்தான் அதிகம் சொல்வார்கள். வேதியியல் துறையில் ஒருவர் செய்த வேலை கட்டுரையாகவும் பட்டியலாகவும் தானாகவே தாளில் வந்து நின்றுவிடும். இசைத்துறையில் இரண்டரை மணி நேரம் பாடி முடித்தால் மிஞ்சுவது கைத்தட்டலும் ஒரு பொன்னாடையும்தான். இரண்டையும் தணிக்கையாளர் ஏற்பதில்லை. இத்துறையில் நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை, நிகழ்ச்சிக்கு முன்னால் எழுதியிருக்க வேண்டியதை நிகழ்ச்சி முடிந்தபின் எழுத முயன்றதால் வந்தவை. நடந்து முடிந்ததற்குப் பின்னர் ஒப்புதல் தரும் பின்னேற்பு ஆணை கேட்டு ஒரு கோப்பு மேசை மேசையாக நகரும் காலத்தில் நான்கு வர்ணங்களைப் பாடம் பண்ணிவிடலாம்.

முதல் தவறு, தமக்கு எந்த விதி பொருந்தும் என்பதைப் பார்க்காமலே தொடங்குவது. மதுரை அரசு இசைக் கல்லூரி கலை பண்பாட்டுத் துறையின்கீழ் இயங்குகிறது. அங்குள்ளவர்கள் அரசு ஊழியர்கள் என்பதால் 1973ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் அவர்களுக்குப் பொருந்தும். பல்கலைக்கழகத் துறையில் இருப்பவருக்கு ஆட்சிக்குழுவின் தீர்மானமும் அந்தப் பல்கலைக்கழகத்தின் பணி விதிகளும் முதன்மையானவை. உதவி பெறும் கல்லூரியில் இருப்பவருக்குக் கணக்கு வேறு. வேறொரு நிறுவனத்தில் இருக்கும் நண்பர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய சுற்றறிக்கையை நம்பி விண்ணப்பம் எழுதிவிட்டு, 'அவர்களுக்குக் கொடுத்தார்களே' என்று பதிவாளர் அலுவலகத்தில் வாதாடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். சுற்றறிக்கை கையில் வந்ததும் அதன் கடித எண், நாள், அது யாருக்கு முகவரியிடப்பட்டது என்ற மூன்றையும் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். வரைவுக்கும் விதிக்கும் உள்ள வேறுபாடும் இப்படித்தான் மறக்கப்படுகிறது. ஆசிரியர் தகுதிகள் குறித்துப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2025 ஜனவரியில் ஒரு வரைவை வெளியிட்டபோது, அதையே நடைமுறை என்று எண்ணிப் பதவி உயர்வு விண்ணப்பத்தைத் திருத்தி எழுதியவர்கள் உண்டு.

யுஜிசியின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, இசை போன்ற நிகழ்த்துகலைத் துறைகளுக்கு உதவிப் பேராசிரியர் பணிக்கு இரண்டு வழிகளைத் தருகிறது. முதுகலையில் 55 விழுக்காடும் தேசிய அல்லது மாநிலத் தகுதித் தேர்வும் ஒரு வழி. சிறப்பான சாதனை கொண்ட கலைஞராக, உரிய பாடத்தில் இளங்கலைப் பட்டத்துடன், பெயர் பெற்ற ஆசானிடம் பயின்றவராக, வானொலி அல்லது தூர்தர்ஷனில் 'ஏ' கிரேடு பெற்றவராக, பாடத்தின் இலக்கணத்தை விளக்கிக் கற்பிக்கத் தெரிந்தவராக இருப்பது இன்னொரு வழி. இந்த இரண்டாம் வழியில்தான் தவறு நேர்கிறது. அதற்கு ஒரு படி கீழான 'பி ஹை' கிரேடு வைத்திருப்பவர்கள் அதுவே போதும் என்று நினைத்து விண்ணப்பிக்கிறார்கள், போதாது. வாய்ப்பாட்டில் பெற்ற கிரேடை வீணைப் பணியிடத்திற்குக் காட்டுவதும் செல்லுபடியாகாது. குருகுல முறையில் பயின்றவர்கள் ஆசிரியரிடமிருந்து எழுத்தில் எதுவும் வாங்கியிருப்பதில்லை. குரு நலமாக இருக்கும்போதே, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை பயின்றார் என்று ஒரு பக்கத்தில் எழுதி வாங்கிக்கொள்வதைக் கூச்சமாகக் கருத வேண்டியதில்லை.

பதவி உயர்வுக்கான பணி மேம்பாட்டுத் திட்டத்தில் ஏற்படும் தவறுகளைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இங்கே இழப்பது ஊதியம். பேராசிரியர் நிலைக்குச் செல்ல, அதாவது இணைப்பேராசிரியருக்கான 13ஏ ஊதிய நிலையிலிருந்து 14ஆம் நிலைக்கு உயர, குறைந்தது 10 ஆய்வு வெளியீடுகளும் 110 ஆய்வு மதிப்பெண்ணும் தேவை. மதிப்பெண் அட்டவணையைப் படித்துப் பார்த்தால் கச்சேரிக்கென்று ஒரு வரிகூட அதில் இல்லை. எத்தனை சபாக்களில் பாடியிருந்தாலும் அந்தப் பட்டியல் இந்தக் கணக்கில் ஏறாது. இது நியாயமா என்றால் நியாயமில்லை என்பதே என் கருத்து; ஆனால் நியாயமில்லாத அட்டவணையையும் படித்துத்தான் ஆக வேண்டும். அழைப்பின் பேரில் ஆற்றும் உரைக்கு அதில் இடம் இருக்கிறது: தேசிய அளவில் 3, மாநில அளவில் 2. எனவே ஒரு நிறுவனம் இராக இலக்கணம் குறித்துச் செயல்விளக்க உரைக்கு அழைத்திருக்கும்போது, அழைப்புக் கடிதத்தில் 'இசை நிகழ்ச்சி' என்று பொதுவாக எழுதியிருந்தால், உடனே 'செயல்விளக்க உரை' என்று உள்ளபடியே திருத்தி வாங்க வேண்டும். நிகழ்ச்சி முடிந்து ஐந்தாண்டு கழித்து அதே நிறுவனத்திடம் போனால், அன்றைய செயலாளர் மாறியிருப்பார்.

அதற்காக உரைகளையே நம்பிவிடவும் முடியாது. உரைகளுக்கும் கொள்கை ஆவணங்களுக்கும் சேர்த்து மொத்த மதிப்பெண்ணில் 30 விழுக்காட்டுக்கு மேல் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். 110இல் அது 33. தேசிய அளவில் 11 உரைகள் நிகழ்த்தியதும் அந்தக் கதவு மூடிவிடும். மீதி 77 மதிப்பெண்ணுக்குக் கட்டுரை, நூல், ஆய்வு வழிகாட்டுதல் போன்றவற்றைத்தான் நாட வேண்டும். கலைத்துறைகளில் ஒரு கட்டுரைக்கு 10 மதிப்பெண் உண்டு. மாநாட்டில் வாசித்த கட்டுரை அதே மாநாட்டுத் தொகுப்பு நூலிலும் அச்சாகியிருந்தால் ஒரு முறைதான் கணக்கில் வரும். இரண்டு இடத்திலும் எழுதி, ஆய்வுக் குழுவின் முன் சங்கடப்பட்டு நின்றவர்கள் இருக்கிறார்கள்.

இதழ்ப் பட்டியல் விஷயத்திலும் கவனம் தேவை. ஏற்கத்தக்க ஆய்விதழ்களைக் குறித்த யுஜிசி கேர் பட்டியல் 2019 ஜூனில் நடைமுறைக்கு வந்து, 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் கட்டுரை வெளியிட்டவர்கள், வெளியான நாளில் அந்த இதழ் பட்டியலில் இருந்ததற்கான திரைப்பிடிப்பை (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து வைத்திருந்தால் தப்பித்தார்கள். இனிமேல் எழுதுபவர்கள் தம் நிறுவனம் எந்த அளவுகோலை ஏற்றிருக்கிறது என்பதை எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு அனுப்ப வேண்டும். பணம் கட்டினால் பதினைந்து நாளில் அச்சிட்டுத் தரும் இதழ்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

விடுப்புக்கு வருவோம். மார்கழி வந்துவிட்டால் சென்னைக்கு ஓடாத இசை ஆசிரியர் குறைவு. அதே நாள்களில்தான் பருவத் தேர்வும் நடக்கும். யுஜிசி ஒழுங்குமுறைப்படி பணிநிமித்த விடுப்பு ஒரு கல்வியாண்டில் அதிகபட்சம் 30 நாள். மாநாடு, பிற பல்கலைக்கழகத்தில் உரை, குழுக் கூட்டம் ஆகியவற்றுக்கானது அது. சன்மானம் பெற்றுப் பாடும் கச்சேரிக்கு அதைக் கேட்பது தவறு. கச்சேரிக்குத் தம் சொந்த விடுப்பை எடுத்துக்கொண்டு, சன்மானம் பெறுவதற்கு முன் அனுமதியும் வாங்க வேண்டும். 'போய்விட்டு வந்து சொல்லிக்கொள்ளலாம்' என்ற பழக்கம், நாளிதழில் படம் வரும்வரைதான் பாதுகாப்பானது.

செய்முறைத் தேர்வு நாள் குறிப்பதும் மதுரையில் ஒரு தனிக் கலை. ஏப்ரலில் நாள் குறிக்கும்போது சித்திரைத் திருவிழாவின் தேதிகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாதவர்கள் வெளியூர்க்காரர்களாகத்தான் இருப்பார்கள். கள்ளழகர் ஆற்றில் இறங்கும் நாளுக்கு மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விடுவார்கள். அதற்கு முந்தைய நாள் புறத்தேர்வாளரை வெளியூரிலிருந்து வரச்சொன்னால் அவருக்குத் தங்க அறை கிடைக்காது, பக்கவாத்தியக்காரருக்கு வண்டி கிடைக்காது.

கருவி வாங்குவதில் நடக்கும் தவறு, பெரும்பாலும் விவரக்குறிப்பில் நடக்கிறது. 'மிருதங்கம் – 2' என்று மட்டும் எழுதி விலைப்புள்ளி கேட்டால், எல்லாரிலும் குறைந்த விலை சொன்னவர் இரண்டு ஹெச்சு சுருதி (உயர்ந்த சுருதி) மிருதங்கங்களை அனுப்பிவைப்பார்; ஒரு கட்டை என்னும் தாழ்ந்த சுருதியில் பாடும் மாணவர்களுக்கு அவை பயன்படாது. தக்கு (தாழ்ந்த) சுருதியா ஹெச்சு சுருதியா, எத்தனை கட்டைக்கு, பலா மரமா என்பதெல்லாம் கேட்புக் கடிதத்திலேயே இருக்க வேண்டும். வீணை என்றால் பகுதிகளை இணைத்துச் செய்த ஒட்டு வீணையா, ஒரே மரத்தில் குடைந்த ஏகாண்ட வீணையா என்று எழுத வேண்டும். இரண்டுக்கும் விலை வெகுவாக வேறுபடும். நாகசுரத்தில் நீளமான பாரியா, குட்டையான திமிரியா என்று குறிப்பிடாமல் போனால் நிலைமை இன்னும் மோசம். விவரக்குறிப்பு சரியாக இல்லாத இடத்தில், குறைந்த விலையை விட்டு நல்ல கருவியைத் தேர்ந்தெடுத்ததற்கு ஆசிரியர்தான் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். வரம்புக்குள் அடக்குவதற்காக ஒரே கொள்முதலை மூன்றாகப் பிரிப்பதும் தணிக்கைத் தடையில்தான் முடியும். அரசு நிறுவனங்களில் கொள்முதல், 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவின்மைச் சட்டத்திற்கு உட்பட்டது.

ஜிஎஸ்டி எண் இல்லாத விற்பனைப் பட்டியலை (பில்) நிதிப் பிரிவு திருப்பி அனுப்புவதும் வழக்கமாகிவிட்டது. கையால் செய்யப்படும் நம் நாட்டு இசைக் கருவிகளுக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு; விலக்குப் பெற்ற பொருளை மட்டும் விற்பவர் பதிவு செய்யவே தேவையில்லை. இதைக் குறிப்பில் முதலிலேயே எழுதிவைத்தால், பட்டறையில் உட்கார்ந்து வேலை செய்யும் கைவினைஞரை விட்டுவிட்டுக் கடைக்காரரிடம் கூடுதல் விலைக்கு வாங்கும் நிலை வராது.

வாங்கியபின் எந்தப் பதிவேட்டில் ஏற்றுவது என்பதும் முக்கியம். வீணை நிலைப்பொருள், தந்தி, நாகசுரத்தில் ஊதும் சீவாளி, மிருதங்கத்தின் தோல் எல்லாம் நுகர்பொருள்கள். வெயிலில் வீணையின் மெழுகு இளகி, மெட்டுகளைச் சரியாகப் பதிக்கும் மேளம் கட்டும் வேலைக்குக் கொடுக்கும்போது, கருவியை வெளியே அனுப்பிய நாளும் திரும்பி வந்த நாளும் பதிவேட்டில் இருக்க வேண்டும். மானியத்தில் வாங்கியது என்றால், நடுவண் அரசு நிதிக்குப் படிவம் 12-ஏ வழியாகப் பயனீட்டுச் சான்றிதழ் போக வேண்டும்; அது போகாமல் அடுத்த தவணை வராது.

ஆண்டு விழாவைப் பதிவு செய்து யூடியூபில் ஏற்றுவது இப்போது எல்லாத் துறைகளிலும் நடக்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 52ஆம் பிரிவில், ஆசிரியர்களும் மாணவர்களும் கல்விச் செயல்பாடாக நிகழ்த்துவதற்கு, அவையில் இருப்பவர்கள் மாணவர், ஆசிரியர், பெற்றோர், நிறுவனத்தோடு தொடர்புடையோர் என்ற அளவில் இருந்தால், விலக்கு அளிக்கிறது. இணையத்தில் ஏற்றுவதை அந்த விலக்கு காக்காது. தியாகராஜர் 1847இல் மறைந்தவர், அவர் கிருதிகளுக்குத் தடையில்லை. பாபநாசம் சிவன் மறைந்தது 1973. இயற்றியவர் மறைந்து 60 ஆண்டு என்ற கணக்கில் அவர் பாடல்களின் உரிமை 2033 இறுதிவரை நீடிக்கும். நம் மதுரையைச் சேர்ந்த அம்புஜம் கிருஷ்ணா மறைந்தது 1989 என்பதால் அவருடைய கிருதிகளுக்கு 2049 வரை உண்டு. பழைய கிருதியேயானாலும், பாடிய விருந்துக் கலைஞருக்கு நிகழ்த்துநர் உரிமை 50 ஆண்டு இருக்கிறது. பதிவு செய்யவும் வெளியிடவும் அவர் கையொப்பமிட்ட ஒப்புதலை, மேடையேறுவதற்கு முன்னால் வாங்க வேண்டும்.

ஆய்வு வழிகாட்டிகளுக்கு ஒன்று மட்டும்: 2022ஆம் ஆண்டு முனைவர் பட்ட ஒழுங்குமுறைப்படி பேராசிரியருக்கு 8, இணைப்பேராசிரியருக்கு 6, உதவிப் பேராசிரியருக்கு 4 மாணவர்களே வரம்பு, ஓய்வுக்கு மூன்றாண்டுக்குக் குறைவாக இருந்தால் புதிய மாணவரை ஏற்க முடியாது.

ஓய்வு என்றதும் நினைவுக்கு வருவது நிலுவையின்மைச் சான்று. ஒரு கல்லூரியில், மாணவி ஒருவர் போட்டிக்குக் கொண்டுபோன தம்புராவுக்கு ஆசிரியை கையெழுத்து வாங்காமல் விட்டுவிட்டார். பன்னிரண்டு ஆண்டு கழித்து அவர் ஓய்வு பெறும் மாதத்தில் இருப்புப் பதிவேட்டைச் சரிபார்த்தபோது ஒரு தம்புரா குறைந்தது. ஓய்வூதியக் கோப்பு அந்த ஒரு வரியில் நின்றுவிட்டது. அந்த மாணவி திருமணமாகித் தேனியில் இருந்தார். தம்புரா பரணில் உறையோடு இருந்தது, நான்கு தந்தியில் இரண்டு அறுந்து. அதைப் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு ஆரப்பாளையம் வந்து இறங்கி, மறுநாள் பதிவேட்டில் ஏற்றியபிறகுதான் சான்று கிடைத்தது.