இரும்பு பைப்பின் வாயில் வயர் அறுபடாமலும் பைப்பில் கரண்ட் ஏறாமலும் இருக்க

வட சென்னையில் ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை பக்கத்துப் பழைய மாடி வீடுகளில் படிக்கட்டுக்கு அடியில் மீட்டர்கள் வரிசையாக இருக்கும். அங்கிருந்து குடித்தனத்துக்கு ஒன்றாக, வயர் ஓடும் இரும்பு பைப் (காண்ட்யூட்) சுவரோடு ஒட்டி மேலே ஏறும். பைப்புக்குள் ஓடும் வழி நெடுக வயருக்குப் பெரிய ஆபத்து கிடையாது. பைப் ஒரு மெட்டல் பாக்ஸுக்குள் நுழையும் இடத்தில், அதாவது அறுத்த பைப்பின் வாயில்தான், வயர் அடிபடுகிறது. அந்த வாயை எப்படிப் பக்குவப்படுத்துவது, அங்கே எந்தச் சாமானைப் போடுவது, பைப்பை எப்படி எர்த்தோடு சேர்ப்பது என்பதை இங்கே சொல்கிறேன்.

எங்கள் வீட்டு மோட்டார் பைப்பில்தான் இதை நான் கற்றுக்கொண்டேன். ஒரு ஐப்பசி மழையில், ஈரக் கையோடு படியேறிய அம்மா சுவரோரப் பைப்பில் கை பட்டதும் சுரீரென்றது என்றார். மெயினை அணைத்துவிட்டு ஸ்விட்ச் பாக்ஸைத் திறந்து பார்த்தேன். பைப் அரை இன்ச் அளவுக்கு உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. வாயில் புஷ் (வயர் உரசாமல் இருக்கப் பைப்பின் வாயில் மாட்டும் வளையம்) கிடையாது. சிவப்பு வயரின் மேலுறையில் நகத்தால் கீறியது போல ஒரு பிறை வடிவ வெட்டு, அதன் நடுவே செம்பு மினுங்கியது. எர்த்துக்கான பச்சை வயர் இருந்தது, ஆனால் பெயின்டுக்கு மேலேயே பைப்பை மூன்று சுற்றுச் சுற்றி முறுக்கி விட்டிருந்தார்கள். அதன் மறுமுனை முற்றத்து அடிபம்பில் கட்டியிருந்தது. அந்தப் பம்புக்குக் கீழே இருந்த இரும்புக் குழாயை எடுத்துவிட்டு பி.வி.சி. போட்டுப் பல வருடங்கள் ஆகியிருந்தன. ஆக, வயர் வெட்டுப்பட்டதும் எர்த் இல்லாததும் ஒரே பைப்பில் சேர்ந்திருந்தன. எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானே அணையும் ஸ்விட்ச்) விழாமல், அதாவது அணையாமல், பேசாமல் இருந்தது.

அது ஏன் பேசாமல் இருந்தது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டால் மற்ற வேலைகளின் காரணம் விளங்கும். 230 வோல்ட் பேஸ் வயர் (கரண்ட் வரும் வயர்) பைப்பைத் தொடுகிறது, எங்கள் வீட்டைப் போலன்றிப் பைப் சரியாகவே எர்த் செய்யப்பட்டிருக்கிறது, வீட்டு எர்த் குழியும் டிரான்ஸ்பார்மர் பக்கத்து எர்த்தும் சேர்ந்து 10 ஓம் தடை தருகின்றன என்று வைத்துக்கொள்வோம். அப்போது மண் வழியாகப் பாய்வது 23 ஆம்பியர்தான். 16 ஆம்பியர் எம்.சி.பி. தன் அளவைப் போல 1.45 மடங்கில், அதாவது 23.2 ஆம்பியரில், ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தால் போதும் என்றுதான் செய்யப்பட்டிருக்கிறது. கண நேரத்தில் விழ வேண்டுமானால் ‘சி’ வகை எம்.சி.பி.க்கு 80 முதல் 160 ஆம்பியர் வரை தேவை. ஆகவே பைப்பில் ஏறிய கரண்டை எம்.சி.பி. நிறுத்திவிடும் என்று நம்பி இருக்கக் கூடாது. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் மண்ணுக்குக் கசிந்தால் உடனே விழும் ஸ்விட்ச்) அதே 23 ஆம்பியரைக் கண் இமைக்கும் நேரத்தில் வெட்டிவிடும். ஆனால் பைப்புக்கு எர்த் வழி இல்லையென்றால் அந்த ஆர்.சி.சி.பி.யும் காத்திருக்கும், யாராவது ஒருவர் பைப்பைத் தொட்டு, அவர் உடம்பே மண்ணுக்கு வழியாக அமைந்த பிறகுதான் விழும். பைப்பின் எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும் ஒரே வண்டியின் இரு மாடுகள். ஒன்றைப் பூட்டிவிட்டு மற்றொன்றை விட்டால் வண்டி நகராது.

வேலைக்கு இறங்குமுன் இரண்டு எச்சரிக்கைகள். மீட்டருக்கு முன்னால் உள்ள எதையும் தொடக் கூடாது, அது மின் வாரியத்தின் எல்லை. மீட்டருக்குப் பின்னால் உள்ள வேலையையும் வயர்மேன் சான்றிதழ் உள்ளவரைக் கொண்டே செய்ய வேண்டும். இந்தக் குறிப்பு, அவர் செய்வதை அருகில் நின்று சரிபார்க்கவும், சரியான சாமானை வாங்கிக் கொடுக்கவும் உதவும். பேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும் மெயின் ஸ்விட்சை அணைத்த பிறகு, நியான் டெஸ்டர் ஒன்றை மட்டும் நம்பாமல் மல்டிமீட்டரை பேஸுக்கும் நியூட்ரலுக்கும், பேஸுக்கும் எர்த்துக்கும் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் வேலை பைப்பின் வாய். ஹாக்ஸாவால் அறுத்த இரும்பு பைப்பின் உள்விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத பிசிறு நிற்கும். வயரை இழுக்கும்போது அது மேலுறையைச் சீவும், அல்லது பல வருடங்கள் அதிர்ந்து அதிர்ந்து மெல்ல அறுக்கும். ரீமர் (ஓட்டையின் உள்விளிம்பைச் சீவும் கருவி) இருந்தால் அது, இல்லாவிட்டால் உருண்டை அரம் எடுத்து உள்விளிம்பைச் சரிவாகத் தேய்க்க வேண்டும். பிறகு ஒரு பழைய பருத்தித் துணியை விரலில் சுற்றி வாயைச் சுற்றி ஓட்டிப் பாருங்கள். நூல் ஒன்று மாட்டினாலும் பிசிறு மிச்சம் இருக்கிறது. தேய்த்த இரும்புத் தூளைத் தட்டிவிட்டுத்தான் வயர் இழுக்க வேண்டும். நம் ஊரில் இந்த ஐந்து நிமிட வேலையைச் செய்யும் ஆளை விரல் விட்டு எண்ணலாம்.

அடுத்தது பாக்ஸோடு சேர்ப்பது. பாக்ஸின் ஓட்டையைச் சுற்றி, உள்ளும் புறமும், செக் நட் (பைப்பைப் பாக்ஸோடு இறுக்கும் மெல்லிய நட்) உட்காரும் அகலத்துக்குப் பெயின்டைச் சுரண்டிவிட வேண்டும், ஏனென்றால் பெயின்டுக்கு மேல் எவ்வளவு இறுக்கினாலும் அங்கே கரண்ட் போகும் வழி அமையாது. மரை வெட்டிய பைப்பில் முதலில் ஒரு செக் நட்டை ஏற்றி, ஓட்டைக்குள் நுழைத்து, உட்புறம் இரண்டாவது செக் நட்டைப் போட்டு, பாக்ஸின் தகட்டை இரண்டுக்கும் நடுவே கடித்துப் பிடிக்குமாறு ஸ்பேனரால் இறுக்க வேண்டும். உள்ளே மிஞ்சும் மரையின் மேல் புஷ் ஏற வேண்டும். இதைவிட எனக்குப் பிடித்த முறை ஒன்று உண்டு: பைப்பின் முனையில் கப்ளிங் (உள்ளே மரை உள்ள குட்டைக் குழாய்) போட்டு, அதைப் பாக்ஸின் வெளிப்புறம் ஒட்ட வைத்து, உள்ளிருந்து ஆண் மரை உள்ள பித்தளை புஷ்ஷைக் கப்ளிங்குக்குள் முறுக்கி இறுக்குவது. பைப் உள்ளே நீட்டிக்கொண்டிருக்காது, பித்தளையின் உருண்ட வாய் வயரைக் கீறாது, பிடிமானமும் உறுதி.

பி.வி.சி. புஷ்ஷைப் பற்றித் தவறான நம்பிக்கை ஒன்று பரவியிருக்கிறது. அது வயரை வெட்டுப்படாமல் காக்கும். பைப்பைப் பாக்ஸோடு பிடித்து வைக்காது, எர்த்தையும் கடத்தாது. உள்பக்கச் செக் நட்டை மிச்சம் பிடித்துவிட்டு பி.வி.சி. புஷ்ஷையே நட் போல இறுக்கிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஆறு மாதத்தில் அது தளர்ந்து பைப் ஆட ஆரம்பிக்கும். செக் நட் போட்ட பிறகு அதற்கு மேல்தான் பி.வி.சி. புஷ் வர வேண்டும். உடல் உலோகமாகவும், வயர் உரசும் தொண்டை பிளாஸ்டிக்காகவும், பக்கவாட்டில் எர்த் வயருக்கு ஒரு ஸ்க்ரூவும் உள்ள எர்த்திங் புஷ் கிடைத்தால் அதையே வாங்குங்கள். இரண்டு காவலும் ஒரே சாமானில் அமைந்துவிடும். கடையில் கிடைக்கவில்லையென்றால் பித்தளை புஷ்ஷும், பைப்பின் மேல் ஒரு எர்த் கிளாம்பும் அதே வேலையைச் செய்யும்.

வாங்கப் போகும்போது பழைய புஷ் ஒன்றைக் கழற்றிக் கையில் கொண்டுபோவது நல்லது. இப்போதைய பைப் 20, 25, 32 மில்லிமீட்டர் அளவுகளில், 1.5 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள மரையோடு வருகிறது. பழைய வீடுகளிலோ முக்கால் இன்ச், ஒரு இன்ச் பைப் இருக்கும். இரண்டின் மரையும் ஒன்றோடொன்று சேராது. இரண்டு சுற்று ஏறி மாட்டிக்கொண்டதைச் சேர்ந்துவிட்டது என்று எண்ணிவிடுகிறோம். பைப்பில் ஐ.எஸ். 9537 என்ற எண் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி எர்த். செக் நட்டின் கடி ஒன்றையே நம்பாமல், பைப்பிலிருந்து பாக்ஸின் எர்த் ஸ்டட்டுக்கும் (எர்த் வயர் மாட்டும் போல்ட்), அங்கிருந்து மெயின் போர்டின் எர்த் பாருக்கும் (எர்த் வயர்கள் எல்லாம் சேரும் பட்டை) தனி பச்சை வயர் இழுக்க வேண்டும். பேஸ் வயரின் தடிமனே எர்த் வயருக்கும் இருக்கட்டும்: 2.5 சதுர மில்லிமீட்டருக்கு 2.5, 4க்கு 4. கிளாம்ப் உட்காரும் இடத்தில் பெயின்டும் துருவும் போக எமரித் தாளால் பளபளவென்று தேய்த்து, வயரின் முனையில் லக்கை (போல்டில் மாட்ட ஓட்டையுள்ள உலோக முனை) நசுக்கிப் பிடிக்கவைத்து, அதாவது கிரிம்ப் செய்து, பல் வாஷர் வைத்து போல்டில் இறுக்க வேண்டும். முறுக்கிச் சுற்றுவது இணைப்பே ஆகாது. பாக்ஸின் மூடியும் உலோகம் என்றால் அதற்கும் ஒரு சிறு இணைப்பு வயர் கொடுங்கள்.

திருவொற்றியூர் முதல் ராயபுரம் வரை கடலோரத்தில் இருப்பவர்களுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். ஜி.ஐ. பைப்பின் துத்தநாகப் பூச்சும் வெறும் செம்பும் உப்புக் காற்றில் நேருக்கு நேர் தொட்டுக்கொண்டிருந்தால், துத்தநாகம் வேகமாகக் கரைந்து, இணைப்பில் வெண்பொடி பூத்துவிடும். வெள்ளீயம் பூசிய செம்பு லக், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் இரண்டையும் பயன்படுத்தி, இறுக்கிய பிறகு இணைப்பின் மேல் கிரீஸ் தடவி வைத்தால் பல மழைக்காலம் தாங்கும். கிரீஸை முதலில் தடவிவிட்டு இறுக்கக் கூடாது என்று எங்கள் தெரு லேத் பட்டறைக்காரர் சொல்வார். அவர் சொல்வதில் பாதி சரி, தேய்த்து முடித்த பரப்பில் மெல்லிய பூச்சு இருந்தால் போல்டின் இறுக்கம் அதைப் பிதுக்கித் தள்ளிவிடும்.

பி.வி.சி. பைப் போட்ட வீடுகளுக்கு வேறு கதை. பைப்புக்கு எர்த் தேவையில்லை. ஆனால் பைப்பின் வழியாக எர்த் வராது என்பதால், ஒவ்வொரு மெட்டல் பாக்ஸுக்கும் தனித்தனியாக எர்த் வயர் போக வேண்டும். மோட்டாருக்குப் போகும் ஃப்ளெக்சிபிள் இரும்பு பைப்பையும் எர்த் வழியாக எண்ணக் கூடாது, பக்கத்திலேயே எர்த் வயர் ஓட வேண்டும். இரும்பு பைப்பானால் பேஸையும் நியூட்ரலையும் ஒரே பைப்பில்தான் விட வேண்டும். பிரித்தால் பைப்பே சூடேறும். நியூட்ரலை எர்த்தோடு வீட்டுக்குள் எங்கும் சேர்க்காதீர்கள்.

முடித்த பிறகு சோதனை. மெயின் அணைந்திருக்கும்போதே, மல்டிமீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு வரும் தடையைக் குறித்துக்கொண்டு, பைப்பின் கடைசி முனைக்கும் எர்த் பாருக்கும் இடையே அளந்து அதைக் கழியுங்கள். 1 ஓமுக்குள் இருக்க வேண்டும். அளக்கும்போது ஒருவர் ஒவ்வொரு பாக்ஸருகிலும் பைப்பைப் பிடித்து அசைக்கட்டும். எண் குதித்தால் அந்த இணைப்பு தளர்ந்திருக்கிறது. அடுத்து, எல்.இ.டி. விளக்குகளையும் மற்ற சாதனங்களையும் கழற்றிவிட்டு, வயருக்கும் எர்த்துக்கும் இடையே 500 வோல்ட் மெகரில் (வயர் மேலுறையின் தடையை அளக்கும் கருவி) பார்த்தால் குறைந்தது 1 மெகா ஓம் காட்ட வேண்டும். அதற்குக் கீழே வந்தால் எங்கோ ஒரு பைப்பின் வாயில் வயர் ஏற்கெனவே காயப்பட்டிருக்கலாம். காயம் தெரிந்தால் அதை டேப் சுற்றி மூடாமல், அந்த நீள வயரையே உருவி மாற்ற வேண்டும். கடைசியாக மெயினைப் போட்டு ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். அது ஆர்.சி.சி.பி.யின் உள்வேலையை மட்டுமே சோதிக்கும், பைப்பின் எர்த்தைச் சோதிக்காது. எனவே எங்கள் வீட்டில் பட்டனை மாதம் ஒரு முறையும், மல்டிமீட்டர் அளவை வருடம் ஒரு முறை புரட்டாசியில், மழை இறங்குமுன்பும் பார்த்து, தேதியோடு பாக்ஸ் மூடியின் உள்பக்கம் எழுதி வைக்கிறோம்.