தீபாவளித் துணி வாங்கப் போகும்போது: ஏ.டி.எச்.டி. உள்ள குழந்தையோடு தவிர்க்க வேண்டிய தவறுகள்

தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மாலையில் தியாகராய நகர் ரங்கநாதன் தெருவுக்குள் நுழைந்து மீள்வது பெரியவர்களுக்கே எளிதன்று. ஒலிபெருக்கியும் கண்ணைப் பறிக்கும் விளக்குகளும் தோளோடு தோள் உரசும் கூட்டமும் ஒருசேரத் தாக்கும் அந்த நேரத்தில், கவனத்தையும் உடலசைவையும் கட்டுப்படுத்துவதில் சிரமப்படும் ஏ.டி.எச்.டி. குழந்தையை அங்கே அழைத்துச் செல்வதுதான் முதல் தவறு. பண்டிகைக்கு 3 வாரம் முன்பாக, ஒரு சனிக்கிழமை காலையில் கடை திறந்தவுடன் சென்றால் அதே கடை வேறு இடமாகத் தோன்றும்.

மருந்து எடுத்துக்கொள்ளும் குழந்தையாயின் அதன் நேரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஏ.டி.எச்.டி.க்குத் தரப்படும் மெத்தில்ஃபெனிடேட் மருந்தின் குறுகிய நேர வகை ஏறத்தாழ 4 மணி நேரமே செயல்படும். அதன் வேகம் அடங்கும்போது சில குழந்தைகளுக்கு எரிச்சல் மிகும். பசியையும் அம்மருந்து மட்டுப்படுத்துவதால், மதியம் சரியாக உண்ணாத பிள்ளைக்கு மாலையில் பசியும் சேர்ந்துகொள்ளும். அதற்காக மருத்துவரைக் கேட்காமல் மருந்தின் அளவையோ நேரத்தையோ மாற்றிவிடக் கூடாது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, குழந்தையைச் சும்மா காத்திருக்க வைப்பது. அம்மாவும் அத்தையும் பட்டுப்புடவைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கும் ஒரு மணி நேரமும் பிள்ளையை நாற்காலியில் அமர்த்தி, "அசையாமல் இரு" என்று சொல்கிறோம். காத்திருப்பதும் உந்துதலை அடக்குவதும்தான் அக்குழந்தைக்கு மிகக் கடினமானவை என்பதை மறந்து, பின்பு அதைப் பிடிவாதம் என்கிறோம். குழந்தையின் துணியை முதலில் எடுத்துவிட வேண்டும். வாங்க வேண்டியவற்றின் பட்டியலும் ஒரு பென்சிலும் அதன் கையில் இருக்கட்டும்: சட்டையின் அளவைப் படித்துச் சொல்வது, விலையைக் குறித்துக்கொள்வது, வாங்கியதை அடித்துவிடுவது எல்லாம் அதன் பொறுப்பு. வேலைகளை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். மூன்றைச் சேர்த்துச் சொன்னால் இரண்டு மறந்துபோகும், அது அலட்சியத்தால் நேர்வதன்று. கழுத்தை உறுத்தும் ஜரிகைச் சட்டை வேண்டாம் என்று அது சொன்னால் அந்தப் பேச்சுக்கும் மதிப்பளிப்பது நல்லது.

"நல்லபடியாக இருந்தால் அடுத்த வாரம் சைக்கிள்" என்னும் தொலைதூர வாக்குறுதி பயன்படாது. பட்டியலில் பாதி முடிந்ததும் ஓர் ஐஸ்கிரீம் என்பது பயன்படும். சர்க்கரை துடுக்குத்தனத்தைக் கூட்டும் என்று பாட்டிமார் அஞ்சுவதுண்டு. ஆனால் பல ஆய்வுகளைத் தொகுத்து 1995-இல் வெளிவந்த பகுப்பாய்வு ஒன்று அதற்குச் சான்று காணவில்லை. சொன்னதைக் கொடுக்காமல் ஏமாற்றுவதுதான் அடுத்த பயணத்தைக் கெடுக்கும்.

இவ்வளவு செய்தும் குழந்தை கட்டுமீறி அழலாம். நாலு பேர் பார்க்கிறார்களே என்று அங்கேயே அதட்டுவதும் அறிவுரை சொல்வதும் வீண். உடன்வந்த பெரியவர்களில் ஒருவர் அதை அமைதியான இடத்துக்கு அழைத்துச் சென்று, தண்ணீர் கொடுத்து, பேசாமல் அருகில் இருந்தால் போதும். புடவை எடுக்க இன்னொரு நாள் தனியே வரலாம்.