கவசத் தகட்டை காஸில் வெட்டுவது எப்படி?

காஸ் கட்டர் பிடிக்கத் தெரிந்தவருக்குக் கவசத் தகட்டை வெட்டுவது பெரிய வித்தை இல்லை. ஒட்சிசன் பட்டால் இதுவும் சாதாரண இரும்பு மாதிரித்தான் எரிந்து வழிவிடும். தொல்லை பிறகுதான் வரும். விளிம்பில் விழும் வெடிப்பு அன்றைக்கே கண்ணில் படாது. 2 நாள் கழித்தும் வரலாம், சில வாரம் கழித்தும் வரலாம். கடினமான இரும்பு, வெட்டு விளிம்பில் தங்கும் இழுவிசை, உள்ளே இருக்கும் ஐதரசன் மூன்றும் கூடினால் இதுதான் கதி.

1. முதலில் தகட்டின் பெயரைப் பாருங்கள். ஆர்மொக்ஸ் என்றால் குண்டு துளைக்காத கவசத் தகடு. பெக்கோ வாளிக்கும் டிப்பர் தொட்டிக்கும் போடும் ஹார்டொக்ஸ், தேய்மானத்தைத் தாங்கும் தகடு. தடிப்புக்கு ஏற்ற முன்சூடு, அதாவது வெட்டுமுன் தகட்டை எவ்வளவு சூடாக்க வேண்டும் என்பது, தயாரிப்பாளரின் தரவுத்தாளில் இருக்கும். கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளில் மலிவாகக் கிடைத்த பெயரில்லாத துண்டா? அரம் போட்டால் கடினம் என்று தெரியும், ரகம் தெரியாது. அதை வாடிக்கையாளர் வேலைக்கு எடுக்காதீர்கள்.

2. ஈரம், எண்ணெய், பெயின்ட் எல்லாம் போக வேண்டும். கொழும்பில் தகடு குளிர்ந்து கிடக்கும் கவலை இல்லை. மழையில் நனைந்து கிடக்கும் கவலைதான்.

3. முன்சூடு. இதில் அவசரம் வேண்டாம். சுடரை ஒரே இடத்தில் நிறுத்தாமல் வெட்டுக் கோட்டின் இருபக்கமும் அகலமாக ஓட்டுங்கள். வெப்பநிலையைச் சுடர் படும் பக்கத்தில் பார்த்தால் ஏமாற்றும். மறுபக்கத்தில் அளந்து பாருங்கள். மேல் எல்லையும் உண்டு: ஆர்மொக்ஸ் 500டி 200 பாகை செல்சியஸ், ஹார்டொக்ஸ் 500 என்றால் 250. தாண்டினால் காசு கொடுத்து வாங்கிய கடினம் போய்விடும்.

4. கறுப்புக் கண்ணாடி, குழாய்களில் பின்சுடர் தடுப்பான் (சுடர் குழாய்க்குள் திரும்பி ஓடாமல் தடுப்பது), அப்புறம் வெட்டு. முன்சூடு கொடுக்க வசதி இல்லையென்றால் வேகத்தைக் குறையுங்கள், ஓரளவு உதவும். சின்னத் துண்டுகளில் சூடு போக இடமின்றி முழுதும் கடினம் குறைந்துவிடும். காஸ் வெட்டில் விளிம்பிலிருந்து சுமார் 4 முதல் 10 மில்லிமீற்றர் வரை கடினம் மாறும். மின்சாரத்தில் வெட்டும் பிளாஸ்மா கட்டரில் 2 முதல் 5. அதனால் சின்னதை பிளாஸ்மாவுக்கு விடுவதே என் பழக்கம்.

5. தண்ணீர் ஊற்றாதீர்கள், ஃபேன் முன்னாலும் வைக்காதீர்கள். சூட்டோடு சூடாக அடுக்கி, வெப்பக் காப்புப் போர்வையால் மூடி, தானாக ஆற விடுங்கள். குறைந்தது 2 நாள் கழித்து விளிம்பைப் பார்த்துவிட்டு வெல்டிங்குக்கு எடுங்கள். வளைக்கப் போகும் தகடென்றால், அதற்கு முன் விளிம்பைக் கிரைண்டரால் தேய்த்து மழுக்குங்கள்.