மைன்ஸ்வீப்பர்: குருட்டாம்போக்கில் கிளிக் செய்யாமல் ஆடுவது எப்படி?

1992-இல் விண்டோஸ் 3.1-உடன் வந்த நாளிலிருந்து மைன்ஸ்வீப்பர் என்ற கணினி விளையாட்டைத் திறந்து, தோன்றிய இடத்தில் நாலு கிளிக் செய்து, வெடித்ததும் "இதெல்லாம் லக்" என்று மூடிவிட்டுப் போனவர்கள் ஏராளம். லக் கொஞ்சம் உண்டுதான், ஆனால் பெரும்பகுதி சாதாரணக் கழித்தல் கணக்கு.

விண்டோஸ் 8-லிருந்து இது சிஸ்டத்தோடு சேர்ந்து வருவதில்லை, மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். தொடக்க நிலையில் 9-க்கு 9 மூடிய கட்டம், அதில் 10 கண்ணிவெடிகள் ஒளிந்திருக்கும். வெடி இருக்கும் கட்டத்தைத் திறக்காமல் மற்றதையெல்லாம் திறப்பதுதான் ஆட்டம். முதல் கிளிக்கில் வெடிக்காது, தைரியமாக எங்கே வேண்டுமானாலும் வையுங்கள். திறந்த கட்டத்தில் 2 என்று வந்தால், மூலைவாட்டில் இருப்பவையும் சேர்த்து அதைச் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களில் இரண்டு வெடி இருக்கிறது என்று அர்த்தம். காலியாக வந்தால் சுற்றிலும் வெடியே இல்லை, அதனால்தான் சில சமயம் ஒரே கிளிக்கில் பெரிய இடமாகத் திறந்துகொள்கிறது.

இப்போது எண்களைப் பாருங்கள். ஒரு 1-ஐ ஒட்டி மூடிய கட்டம் ஒன்றே ஒன்றுதான் மிச்சம் என்றால் அதுதான் வெடி. ரைட் கிளிக் செய்து கொடி நடுங்கள். அந்தக் கொடி பக்கத்தில் இருக்கும் இன்னொரு 1-ஐயும் தொடுகிறதா? அப்படியென்றால் அந்த 1-இன் கணக்கு முடிந்தது, அதைச் சுற்றி மீதி உள்ளதையெல்லாம் பயமில்லாமல் திறக்கலாம். தொடக்க நிலையில் பெரும்பாலான ஆட்டங்களை இதை வைத்தே முடித்துவிடலாம்.

அடுத்த நிலைக்கு (16-க்கு 16, 40 வெடி) சில அமைப்புகள் கண்ணில் பட வேண்டும். மூடிய கட்டங்கள் நேர்வரிசையாக நிற்க, அவற்றை ஒட்டி 1-2-1 என்று எண்கள் வந்தால் இரண்டு 1-களுக்கும் நேரெதிரே வெடி, 2-க்கு எதிரே பத்திரம். 1-2-2-1 என்றால் தலைகீழ், வெடி இரண்டும் 2-களுக்கு எதிரே. ஓரத்தில் தொடங்கும் 1-1 இன்னும் அழகானது: ஓரத்து 1 தொடுவது இரண்டே கட்டங்களை, அடுத்த 1 அதே இரண்டோடு மூன்றாவதையும் தொடுகிறது, இரண்டுக்கும் வெடி ஒன்றுதான் என்பதால் மூன்றாவது கட்டம் கட்டாயம் பத்திரம். மனப்பாடம் செய்யாதீர்கள், ஏன் அப்படி என்று ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டால் பிறகு மறக்காது.

வேகம் வேண்டுமா, ஓர் எண்ணுக்குத் தேவையான கொடிகளை நட்டபின் அந்த எண்மேலேயே மவுஸின் இரண்டு பட்டன்களையும் சேர்த்து அழுத்துங்கள், சுற்றியுள்ள மற்றவை மொத்தமாகத் திறக்கும். கொடி தப்பான இடத்தில் இருந்தால் வெடிக்கும், அதுவும் மொத்தமாகத்தான்.

கடைசியில் மூலையில் இரண்டு கட்டம் மிஞ்சி, எதுவென்றே சொல்ல முடியாத நிலை வரும். முதலில் மேலே மீதி வெடி எத்தனை என்று காட்டும் எண்ணைப் பாருங்கள், சில நேரம் அதிலேயே விடை இருக்கும். இல்லையென்றால் எதையாவது அழுத்திவிட்டுப் போங்கள், உட்கார்ந்து யோசிப்பதில் பயனில்லை. இந்த ஊகமே எரிச்சலாக இருக்கிறது என்பவர்களுக்கு புரோகிராமர் சைமன் டாதமின் இலவசப் புதிர்த் தொகுப்பில் 'மைன்ஸ்' இருக்கிறது, அதில் ஊகிக்காமலேயே முடிக்கக்கூடிய ஆட்டங்களைத்தான் தருவார்கள். 99 வெடிகள் உள்ள எக்ஸ்பர்ட் நிலைக்கு, 1-2-1-ஐ எண்ணாமலே கண் பிடிக்கிற அளவுக்கு வந்தபிறகு போனால் போதும்.